புனித சவேரியாரின் பனிக்காலப் பயணம்

புனித பிரான்சிஸ் சவேரியாரை அறியாத கத்தோலிக்கர் நம் தமிழகத்தில் உண்டோ? மணப்பாட்டுக் குகையை நாம் தரிசித்திருக்கிறோம். கோவா நகரில் அவரது திருவுடலை வணங்கி வந்தவர்கள் நம் பங்கிலும் பலர் உண்டு. முத்துக்குளித்துறையில் கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைக் கூட்டி, தமிழில் மந்திரங்களைச் சொல்லிக் கொடுத்த அந்தக் குருவானவரை, நம் பாட்டனார் பாட்டிமாரும் தங்கள் வீட்டுப் பெரியவராகவே எண்ணி வந்தனர்.

நாம் குருமட மாணவராயிருந்த காலத்தில், உணவறையில் புனிதரின் வரலாற்றை உரக்க வாசிப்பது வழக்கம். 1544-ஆம் ஆண்டின் இறுதியில், திருவாங்கூர் கடற்கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் திருமுழுக்குப் பெற்ற பகுதி வரும்போது, எல்லாரும் உண்பதை நிறுத்திவிட்டுச் செவி சாய்ப்போம். ஆனால் அதே புத்தகத்தில், அவர் யப்பான் நாட்டில் பனிக்காலத்தில் நடந்து சென்று, பயன் ஏதும் காணாமல் திரும்பிய பகுதி வரும்போது, ஒருவரும் அவ்வளவு கவனிப்பதில்லை. தோல்வியில் முடிந்த பயணத்தில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பது அந்த வயதில் நமது எண்ணம். குருத்துவப் பணியில் ஆண்டுகள் பல உருண்டோடிய பின்னரே, அந்தச் சில பக்கங்களின் அருமை நமக்கு விளங்கலாயிற்று. நமது யூபிலி மலரில் அந்தப் பயணத்தையே சற்று விரிவாக நினைவுகூர விரும்புகிறோம்.

கோட்டையில் பிறந்தவர்

ஸ்பெயின் நாட்டின் வடக்கே, நவார் நாட்டில் சவியர் என்னும் கோட்டையில் 1506-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் அவர் பிறந்தார். உயர்குடிப் பிள்ளையாகிய அவர் கல்வியும் பதவியும் நாடிப் பாரீஸ் நகர் சென்றார். அங்கே புனித இஞ்ஞாசியார் அவருடைய உள்ளத்தை வென்றார். 1534-ஆம் ஆண்டு தேவமாதா விண்ணேற்புத் திருநாளன்று, மோமார்த்தர் குன்றில் வார்த்தைப்பாடு கொடுத்த ஏழு பேரில் சவேரியாரும் ஒருவர். 1537-இல் வெனிஸ் நகரில் குருப்பட்டம் பெற்றார். 1541-இல் லிஸ்பன் துறைமுகத்தில் கப்பலேறி, 1542 மே 6-ஆம் நாள் கோவா வந்து சேர்ந்தார். அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே நமது முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார். இவற்றை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆகவே இங்கு நிற்காமல் மேலே செல்வோம்.

யப்பானை நோக்கி

1547 டிசம்பர் மாதம், மலாக்கா நகரில் அஞ்சிரோ என்னும் யப்பானியரைச் சவேரியார் சந்தித்தார். தம் நாட்டில் ஒருவனைக் கொன்றுவிட்டுத் தப்பியோடி வந்தவர் அவர். மனச்சாட்சியின் உறுத்தல் தாங்காமல் ஆறுதல் தேடி அலைந்தவர். 1548-ஆம் ஆண்டு பெந்தெகோஸ்தே திருநாளன்று கோவாவில் பவுல் என்னும் பெயருடன் திருமுழுக்குப் பெற்றார். அவரது கூர்மையான அறிவைக் கண்ட சவேரியார், இவரைப் போன்ற மக்கள் வாழும் நாட்டுக்கு நற்செய்தி சென்றே தீர வேண்டுமென்று உறுதி பூண்டார்.

1549 ஆகஸ்ட் 15-ஆம் நாள், மோமார்த்தரில் வார்த்தைப்பாடு கொடுத்த அதே திருநாளில், சவேரியார் யப்பானின் தென்கோடியிலுள்ள ககோஷிமா துறையில் இறங்கினார். கொஸ்மே தெ தொரெஸ் என்னும் குருவும், யுவான் பெர்னாந்தஸ் என்னும் சகோதரரும், அஞ்சிரோவும் உடன் சென்றவர்களில் முக்கியமானவர்கள். அவ்வூர்ச் சிற்றரசர் முதலில் அன்புடன் வரவேற்றார். ஓராண்டுக்குள் புத்த குருக்களின் எதிர்ப்பினால் மனம் மாறி, இனி எவரும் இந்த வேதத்தில் சேரலாகாது என்று தடை விதித்தார். அதுவரை சேர்ந்தவர்கள் ஏறக்குறைய நூறு பேர்.

அப்போது சவேரியார் உள்ளத்தில் ஒரு திட்டம் உருவாகியிருந்தது. சிற்றரசர்களின் தயவை நாடுவதைவிட, நாட்டின் பேரரசரையே நேரில் கண்டு உத்தரவு பெற்றால் யப்பான் முழுவதும் கதவு திறக்குமன்றோ? பேரரசர் இருந்தது மியாக்கோ நகரில். இன்று நாம் கியோத்தோ என்று அழைக்கும் நகரம் அதுவே. அங்கே தொண்ணூறாயிரத்துக்கும் அதிகமான வீடுகள் இருப்பதாகவும், அருகிலுள்ள ஹியெய் மலையில் பெரிய கல்விக்கூடம் இருப்பதாகவும் அவர் கேள்விப்பட்டிருந்தார். அரசரிடம் உத்தரவு பெறுவது, அறிஞரிடம் உரையாடுவது, இவ்விரண்டுமே அவரது நோக்கம். திட்டம் என்னவோ நல்ல திட்டந்தான். ஆனால் அது செவிவழிச் செய்தியை நம்பித் தீட்டிய திட்டம் என்பதை அவர் பின்னரே கண்டார்.

ஒரு போர்வையும் வறுத்த அரிசியும்

1550-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அவர் ஹிராதோ என்னும் துறைக்கு வந்து, அங்கே புதிய கிறிஸ்தவர்களைத் தொரெஸ் அடிகளிடம் ஒப்படைத்தார். அக்டோபர் மாத இறுதியில் பெர்னாந்தசையும், ககோஷிமாவில் திருமுழுக்குப் பெற்ற பெர்னார்தோ என்னும் யப்பானிய இளைஞரையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார்.

அவர்களுடைய மூட்டை முடிச்சுகள் என்னென்ன? தோளில் மாட்டும் இரண்டு பைகள். அவற்றில் ஒரு குருத்துவ மேலங்கி, மூன்று நான்கு சட்டைகள், இரவில் போர்த்த ஒரு பழைய போர்வை. வழிக்கு உணவாகப் பெர்னார்தோ சுமந்து வந்த வறுத்த அரிசி. இவ்வளவே! பாப்பரசரின் தூதர் என்னும் பட்டம் பெற்றிருந்த ஒருவரின் பயணச் சாமான் இது. யப்பான் அரசருக்கென்று மலாக்காவின் தளபதி, வாஸ்கோ ட காமாவின் மகன், மனமுவந்து கொடுத்த பரிசுப் பொருள்கள் இருந்தன. கோவாவின் ஆளுநரும் ஆயரும் எழுதித் தந்த மடல்களும் இருந்தன. அவற்றையெல்லாம் சவேரியார் ஹிராதோவிலேயே விட்டுச் சென்றார். ஏழ்மைக் கோலமே நற்செய்தித் தூதனுக்கு அழகு என்பது அவரது கருத்து. முத்துக்குளித்துறையில் வெறுங்காலுடன் நடந்த நாட்களில் அந்தக் கோலமே மக்களின் நெஞ்சங்களை அவர்பால் ஈர்த்ததன்றோ!

வழியில் யாமாகுச்சி என்னும் பெரிய நகரில் தங்கினார்கள். நாளுக்கு இருமுறை தெருமுனைகளில் நின்று, யப்பானிய மொழியில் எழுதி வைத்திருந்த உபதேசத்தை வாசித்தார்கள். சிலர் கேட்டனர், பலர் நகைத்தனர், சிறுவர்கள் பின்தொடர்ந்து கேலி செய்தனர். அந்நகரை ஆண்ட ஓவுச்சி யோஷிடகா என்னும் சிற்றரசர் அவர்களை அழைத்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் செவிமடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அனுப்பிவிட்டார். பலன் காணாத நிலையில், டிசம்பர் நடுப்பகுதியில், குளிர் மிகக் கடுமையான வேளையில், மூவரும் மியாக்கோவை நோக்கிப் புறப்பட்டனர்.

பனியில் நடந்த பாதங்கள்

நமக்குப் பனி என்றால், மார்கழி அதிகாலையில் திருப்பலிக்குப் போகும்போது தலையில் துண்டைப் போட வைக்கும் பனிதான் தெரியும். உதகையும் கொடைக்கானலும் போய் வந்தவர்கள் புல்மேல் உறைந்த வெண்மையைக் கண்டிருக்கலாம். யப்பானின் பனிக்காலமோ வேறு. வானத்திலிருந்து வெண்பனி கொட்டிப் பாதையை மூடிவிடும். வாடைக் காற்று எலும்பை ஊடுருவும். சவேரியாரோ எட்டு ஆண்டுகளாக வெப்ப நாடுகளிலேயே உழைத்தவர். வயது நாற்பத்து நான்கு. உடலிலே மெல்லிய உடை.

வழியில் குறுக்கிட்ட ஓடைகளுக்கெல்லாம் பாலம் இருக்கவில்லை. பனி நீரில் இறங்கியே கடக்க வேண்டும். அடிக்கடி இவ்வாறு இறங்கி ஏறியதால் பாதங்கள் வீங்கி வெடித்தன. பனியின்மேல் அவர் நடந்த இடத்தில் குருதியின் சுவடு தெரிந்தது என்று வரலாறு கூறுகிறது. மாலையில் நனைந்து நடுங்கிச் சத்திரத்தை அடைந்தால், கந்தல் கோலத்தைக் கண்டு இடம் மறுத்தவர்களும் உண்டு. இடம் கிடைத்த இரவுகளில் கோரைப்பாயும் மரத் தலையணையும் கிடைத்தால் அதுவே பாக்கியம்.

இவாகுனி என்னும் துறையிலிருந்து உள்கடல் வழியாகக் கப்பலேறினார்கள். ஆங்காங்கே துறைகளில் நின்று நின்று சென்ற கப்பல் அது. அதிலும் ஏளனமே காத்திருந்தது. உடன் பயணம் செய்தவர்களில் ஒருவன் அவரை விலங்கைப் போல் எண்ணி வசை பேசினான். ஒரு துறையில் சிறுவர்கள் கல்லெறிந்தார்கள். அந்த இருளிலும் இறைவன் ஒரு விளக்கை ஏற்றாமலில்லை. வழியில் ஒரு பெரிய மனிதர் இந்த அந்நியரின் பொறுமையைக் கண்டு இரங்கி, சகாய் நகரிலிருந்த தம் நண்பருக்கு ஒரு கடிதம் கொடுத்தார். அந்த நண்பர் அவர்களை உபசரித்து, மியாக்கோ செல்லும் ஒரு பிரபுவின் கூட்டத்தோடு சேர்த்துவிட்டார். வழியில் கள்வர் பயம் மிகுதியாயிருந்தபடியால் தனியே செல்ல இயலாது.

பிரபு வாகனத்தில் செல்ல, பணியாட்கள் பின்னால் ஓட வேண்டும். கோட்டையில் பிறந்த சவேரியார் அந்தப் பணியாட்களோடு பனியில் ஓடினார். தலையில் சயாம் நாட்டுக் குல்லாய், தோளிலே பை. உடன் சென்ற பெர்னாந்தஸ் சகோதரர் பின்னாளில் இதை நினைவுகூர்ந்தபோது, சவேரியார் அவ்வளவு மகிழ்ச்சியாயிருந்ததைத் தாம் வேறெப்போதும் கண்டதில்லை என்று கூறியிருக்கிறார். நாம் சிந்திக்க வேண்டிய இடம் இது. டிசம்பர் நடுவில் புறப்பட்டு ஜனவரி நடுவில் சென்று சேர்ந்தவர்களுக்கு, அந்த ஆண்டின் கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவும் வழியிலேதான் வந்தது. பெத்லகேமில் இடம் கிடைக்காத திருக்குடும்பத்தின் நினைவு அந்த மூவரின் உள்ளத்தில் எவ்வளவு ஆழமாய் எழுந்திருக்கும்!

பதினொரு நாட்கள்

1551 ஜனவரி நடுப்பகுதியில் மியாக்கோ வந்தது. ஆனால் எங்கே அந்தப் பெருநகரம்? 1467 முதல் 1477 வரை நடந்த உள்நாட்டுப் போரிலும் அதன் பின் ஓயாது வந்த சண்டைகளிலும் நகரின் பெரும்பகுதி எரிந்து பாழாகியிருந்தது. நாட்டின் சேனாதிபதியாகிய ஷோகுன் நகரைவிட்டே ஓடியிருந்தார். கோ-நாரா என்னும் பேரரசர் அரண்மனையில் இருந்தார். ஆனால் அவருக்குப் பெயர் இருந்ததேயன்றி அதிகாரம் இல்லை. அவரது வார்த்தையைக் கேட்டு நடக்கும் சிற்றரசர் எவருமில்லை.

சவேரியார் அரண்மனை வாயிலில் சென்று காத்திருந்தார். காணிக்கை எங்கே என்று கேட்டார்கள். அது ஹிராதோவில் இருக்கிறது, அனுமதி கிடைத்தால் வரவழைப்போம் என்ற மறுமொழி அவர்கள் காதில் ஏறவில்லை. கந்தையணிந்த அந்நியனுக்கு அரண்மனைக் கதவு திறக்கவில்லை. ஹியெய் மலையின் கல்விக்கூடமும் திறக்கவில்லை. தெருவில் போதிக்கலாமென்றால், போர் பயத்தில் இருந்த மக்களுக்குச் செவிகொடுக்க நேரமில்லை. கல்லெறியும் ஏளனமுமே மிஞ்சின.

பதினொரு நாட்கள் தங்கினார். பதினொராம் நாள் முடிவில் உண்மை விளங்கிவிட்டது. இங்கே பெறக்கூடிய உத்தரவு எதுவுமில்லை. பெற்றாலும் அதற்குப் பயனில்லை. யோடோ ஆற்றில் படகேறித் திரும்பினார். படகு நகரைவிட்டு அகலும்போது, அந்நகரைவிட்டுக் கண்ணை எடுக்க இயலாதவராய், இஸ்ராயேல் மக்கள் எகிப்தைவிட்டுப் புறப்பட்டதைப் பாடும் சங்கீதத்தை அவர் பாடிக்கொண்டே சென்றதாக வரலாறு உண்டு. குளிர் இன்னும் தணியவில்லை. நான்கு மாதங்களுக்கு மேல் நீடித்த அந்தப் பயணம், ஒரு உத்தரவோ ஒரு திருமுழுக்கோ மியாக்கோவிலிருந்து கொண்டுவராமல், ஹிராதோவில் முடிந்தது.

தவற்றை ஒப்புக்கொண்ட புனிதர்

புனிதர்கள் தவறே செய்யாதவர்கள் என்று நாம் எண்ணிவிடுகிறோம். சவேரியார் கணக்குத் தவறியவர். ஆனால் தவறியதை ஏற்றுக்கொள்ளத் தயங்காதவர். நம்மில் பலர் ஒருமுறை தோற்றால், மக்கள் கடின உள்ளத்தினர் என்று அவர்கள்மேல் பழியைப் போட்டுவிடுவோம். அவரோ தம் வழியையே ஆராய்ந்து பார்த்தார். கடற்கரையின் எளிய மக்களிடையே அன்பின் அடையாளமாக விளங்கிய கந்தல் ஆடை, யப்பானியரின் கண்களுக்கு அவமதிப்பாகத் தோன்றியது. அப்படியானால் மாற வேண்டியது யார்? கந்தலை விரும்பியது தம் உள்ளம். அது மக்களுக்கும் நற்செய்திக்கும் இடையே தடையாக நின்றால், அதையும் விட்டுவிடுவதே உண்மையான ஏழ்மை என்று கண்டுகொண்டார்.

ஆகவே 1551-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் அவர் மறுபடியும் யாமாகுச்சிக்கு வந்தபோது பட்டாடை அணிந்து, தூதுவருக்குரிய கோலத்தில் வந்தார். ஆளுநர், ஆயர் ஆகியோரின் மடல்களைச் சமர்ப்பித்தார். பேரரசருக்கென்று வைத்திருந்த பரிசுகளை ஓவுச்சிக்குக் கொடுத்தார். மணியடிக்கும் கடிகாரம், இசைக்கருவி, மூக்குக்கண்ணாடி, துப்பாக்கி முதலியவை அவற்றில் இருந்தன. பதிலுக்கு ஓவுச்சி பொன்னும் வெள்ளியும் கொடுத்தார். சவேரியார் ஒன்றையும் தொடவில்லை. போதிக்கும் உரிமையை மட்டுமே கேட்டார். உடை மாறியது, உள்ளம் மாறவில்லை! சிற்றரசர் உரிமை அளித்ததோடு, குடியிருக்க ஆளில்லாத ஒரு மடத்தையும் கொடுத்தார். சில மாதங்களில் ஏறக்குறைய ஐந்நூறு பேர் திருமுழுக்குப் பெற்றனர்.

இன்னொரு திருத்தமும் இங்கே நிகழ்ந்தது. அஞ்சிரோவின் மொழிபெயர்ப்பை நம்பி, கடவுளைக் குறிக்கத் தைனிச்சி என்னும் சொல்லை அவர் ஆரம்பத்தில் வழங்கி வந்தார். அது புத்த சமயத்தில் வேறு பொருளுடையது என்று யாமாகுச்சியில் தெரியவந்ததும், அதை உடனே விலக்கிவிட்டு, தேயுஸ் என்னும் லத்தீன் சொல்லையே பயன்படுத்தலானார். இரண்டு ஆண்டுகள் தாம் போதித்ததை மக்கள் முன்னிலையில் திருத்திக்கொள்ள எவ்வளவு தாழ்ச்சி வேண்டும்!

கண் தெரியாத பாடகர்

யாமாகுச்சியில் திருமுழுக்குப் பெற்றவர்களில் வீணை போன்ற ஒரு கருவியை மீட்டிக் கதை பாடிப் பிழைத்து வந்த ஒரு ஏழைப் பாடகரும் இருந்தார். ஒரு கண்ணில் பார்வையே இல்லை; மறு கண்ணிலும் மிகக் குறைவு. அவருக்கு லொரென்சோ என்று பெயரிட்டார் சவேரியார். பின்னாளில் இவரே இயேசு சபையில் சகோதரராகச் சேர்ந்தார். 1559-இல் காஸ்பர் விலேலா என்னும் குருவுடன் மியாக்கோவுக்குச் சென்று, மறு ஆண்டே ஷோகுனிடமிருந்து போதிக்கும் உரிமையைப் பெறத் துணை நின்றவரும் இவரே. அரண்மனை வாயிலில் சவேரியாருக்குக் கிடைக்காதது அவருடைய ஞானப் பிள்ளைக்குக் கிடைத்தது. தகயாமா குடும்பத்தார் 1563-இல் வேதத்தில் சேர்ந்ததும் லொரென்சோவின் போதனையினால்தான். அக்குடும்பத்தின் மைந்தர் யூஸ்தோ தகயாமா ஊக்கோன், வேதத்துக்காகச் செல்வமும் பதவியும் துறந்து, மணிலாவில் 1615-இல் அந்நியராக மரித்தார். திருச்சபை அவரை 2017-இல் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தியது.

1576-ஆம் ஆண்டு, தேவமாதா விண்ணேற்புத் திருநாளன்று, மியாக்கோவின் புதிய ஆலயத்தில் திருப்பலி நிறைவேறியது. சவேரியார் கண்ணீரோடு திரும்பிப் பார்த்துக்கொண்டே சென்ற நகரம் அது. ஆண்டுகள் இருபத்தைந்து கடந்திருந்தன. மேலும் இருபது ஆண்டுகள் கழித்து, வேதகலாபனையில் சிறைப்பட்ட கிறிஸ்தவர்கள் அதே நகரிலிருந்து கடுங்குளிரில் நாகசாகிக்கு நடத்திச் செல்லப்பட்டனர். அவர்களில் சிறுவர்களும் இருந்தனர். 1597 பிப்ரவரி 5-ஆம் நாள் இருபத்தாறு பேர் சிலுவையில் உயிர் துறந்தனர். சவேரியார் தனியே நடந்த பனிக்காலத்தில் இப்போது வேதசாட்சிகளின் கூட்டம் நடந்தது.

சவேரியார் இவற்றில் எதையும் காணவில்லை. 1551-இன் இறுதியில் யப்பானை விட்டுப் புறப்பட்டார். தலைமுடி நரைத்துப் போயிருந்தது. சீன நாட்டில் நுழையக் காத்திருந்தபடியே, 1552 டிசம்பர் 3-ஆம் நாள், சான்சியான் தீவில் ஒரு குடிசையில், நாற்பத்தாறாம் வயதில் கண் மூடினார். அதுவும் ஒரு பனிக்காலம். பனியில் அவருடன் நடந்த பெர்னார்தோ ஐரோப்பா சென்ற முதல் யப்பானியராகி, உரோமையைக் கண்டு, 1557-இல் போர்த்துக்கல் நாட்டில் இயேசு சபையினராக மரித்தார்.

நமது கணக்கு

இந்த மலருக்காக நாம் பழைய பதிவேடுகளைப் புரட்டினோம். இத்தனை திருமுழுக்கு, இத்தனை திருமணம், இன்ன ஆண்டில் கோபுரம், இன்ன ஆண்டில் பள்ளி என்று எழுதியிருக்கிறது. அவற்றுக்காக இறைவனுக்கு நன்றி கூறுகிறோம். ஆனால் ஐப்பசி வெள்ளத்தில் ஆற்றைக் கடக்க இயலாமல் பாதி வழியில் திரும்பிய குருவுக்குப் பதிவேட்டில் பத்தி ஏது? ஆளில்லாத சிற்றாலயத்தில் மணியடித்துவிட்டுக் காத்திருந்த உபதேசியாருக்கு எண் ஏது? மழையில் நனைந்து வந்து மறைக்கல்வி சொல்லி, கேட்பவர் இல்லாமல் வீடு திரும்பிய அருட்சகோதரியரை யார் எழுதி வைத்தார்?

எழுதி வைத்தவர் ஒருவர் உண்டு. மியாக்கோவின் பதினொரு நாட்களை எழுதி வைத்தவரே இவற்றையும் எழுதி வைத்திருக்கிறார். பனியில் விழுந்த விதை எந்த ஆண்டு முளைக்கும் என்பது விதைத்தவனுக்குத் தெரிவதில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. தவறினால் தாழ்ச்சியோடு வழியைத் திருத்திக்கொண்டு மறுபடி புறப்படுவது மட்டுமே நம் கடமை.

நமது பங்கின் யூபிலி ஆண்டில், பலன் காணாமல் உழைத்து மறைந்த அந்தப் பெயர் தெரியாதவர்கள் அனைவரையும் நன்றியோடு நினைப்போம். பனியிலும் மகிழ்ந்து ஓடிய நம் புனிதர், நம் பிள்ளைகளுக்கும் அந்த மகிழ்ச்சியைப் பெற்றுத் தருவாராக.